வாய்க்கால் பாலத்து வீடியோ

ஆகஸ்ட் 4, திங்கள்

பென் டிரைவைச் சொருகினால் கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போடுகிறது. பிறகு திரையின் மூலையில் சின்னக் கட்டம் ஒன்று வருகிறது. இந்தச் சாதனத்தை அடையாளம் காண முடியவில்லையாம். பிடுங்கி மறுபடி சொருகினேன். மறுபடியும் அதே கட்டம். ஊதிப் பார்த்தேன், முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். கடைசியில் மேசையை ஓங்கி ஒரு குத்து குத்தினேன். டம்ளர் உருண்டு மோர் எல்லாம் கீபோர்டில்.

கத்தாதீர்கள், கோபம் வந்தால் ஒரு நோட்டில் எழுதுங்கள் என்று பிரஷர் பார்த்த டாக்டரம்மா சொன்னார். எழுதுகிறேன். எழுதினால் குறைகிறதா பார்ப்போம்.

இந்தப் பென் டிரைவில் இருப்பது என் மகளை இடித்துத் தள்ளிய பால் வேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரரும் மிருதுளாவும் ஸ்கூட்டரில் டியூஷனிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வாய்க்கால் பாலத்தில் பின்னால் வந்த வேன் இடித்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. மிருதுவுக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். நீளம் தாண்டுதலில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவள், இப்போது கக்கூசுக்குப் போக வாக்கரைத் தள்ளிக்கொண்டு போகிறாள். நான் உடற்கல்வி ஆசிரியை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஓடச் சொல்லிக்கொடுக்கிறேன்.

வேன் டிரைவர் அர்ச்சுனன் என்ற ஒருத்தன். இடிக்கவே இல்லை என்று ஸ்டேஷனில் சாதிக்கிறானாம். ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். பாலத்துக்கு எதிரே ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வெள்ளியங்கிரி அண்ணன் கடையில் கேமரா இருக்கிறது. நடையாய் நடந்து, சனிக்கிழமைதான் அந்த வீடியோவை வாங்கினேன். கேமரா மாட்டிய ஆள் வந்து காப்பி எடுத்துக் கொடுத்தான். உடனே போட்டுப் பார்க்க எனக்கு மனசு துணியவில்லை. அண்ணன் அதைப் பார்க்கக்கூட இல்லையாம். "ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வந்துருமுங்க டீச்சர்" என்றார்.

வீட்டுக்காரர் இன்று தன் ஆபீசில் போட்டு இன்னொரு காப்பி எடுத்து வருகிறேன் என்று கொண்டுபோனார். சாயங்காலம் வந்து, "திறக்கல கோதை" என்றார். அவ்வளவுதான். மஞ்சள் மண்டியில் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிற மனுஷன், ஒரு பென் டிரைவைத் திறக்கத் தெரியாமல் வந்து நிற்கிறார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வருத்தம்கூட இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் டீச்சர் ஹேமமாலினி முன்பக்கத் துளையில் போட்டாள், பின்பக்கத் துளையில் போட்டாள், வேறு மெஷினில் போட்டாள். பிறகு எங்கேயோ போய் ஒரு பட்டியலைத் திறந்தாள். அதில் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி ஒன்று இருந்தது. அதை அழித்துவிட்டு மெஷினை அணைத்துப் போட்டாள். மறுபடியும் மஞ்சள் முக்கோணம்.

"டிரைவர் பிரச்சனையா இருக்கும் டீச்சர்" என்றாள்.

"டிரைவர்தான் பிரச்சனைன்னு எனக்கே தெரியும். அவன் ஜெயில்ல இருக்கோணும்" என்றேன்.

அவள் ஒரு கணம் விழித்தாள். கம்ப்யூட்டருக்குள்ளேயும் டிரைவர் என்று ஒன்று உண்டாம். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்ததும் ஒரு சத்தம் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

சிலிண்டர் வரவில்லை. பென் டிரைவும் திறக்கவில்லை. மிருது மதியச் சோற்றை அப்படியே வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

போனால் போகட்டும், இன்னொரு காப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று வெள்ளியங்கிரி அண்ணன் கடைக்குப் போனேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அது அழிஞ்சு போச்சுங்க டீச்சர். பழசு மேலயே புதுசு பதிஞ்சுக்குமாம். இப்பப் பாத்தா போன மாசக் கடைசி வாரத்துல இருந்துதான் இருக்குது."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

"எனக்கே இப்பத்தானுங்க தெரியும். நான் ஆணி விக்கறவன்."

ஆக உலகத்தில் மிச்சம் இருப்பது என் பையில் கிடக்கிற இந்த ஒன்றுதான். என்ன சொல்லித் திட்டினேன் என்று எழுத வேண்டாம். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்.

"டீச்சர்."

அவன்தான். ஸ்டேஷனில் ஒரு தடவை தூரத்தில் பார்த்திருக்கிறேன். ஒல்லியாக, முப்பது வயது இருக்கும். புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு. அன்றைக்குப் பாலத்தில் ஜனங்கள் போட்ட அடி.

"வீடியோ உங்ககிட்டக் குடுத்தாச்சுன்னு அண்ணன் சொன்னாருங்க. நான் கேட்டப்பத் தரல. போட்டுப் பாத்தீங்களா டீச்சர்?"

என்ன தைரியம். என் முகத்துக்கு நேராக வந்து கேட்கிறான்.

"பாக்கத்தான போறேன். பாத்துட்டு உன்னைய உள்ள தள்ளத்தான போறேன்."

"பாருங்க டீச்சர். நானும் அதத்தான் சொல்றேன். எம்பட வண்டி தொடவே இல்லைங்க. நான் எறங்கி ஓடியாந்து புள்ளையத் தூக்கி..."

எம்பட புள்ளையை இவன் தூக்கினானாம். கை எப்போது எழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கன்னத்தில் விழுந்த சத்தத்துக்கு எதிர்க் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவன் கையை ஓங்கவில்லை. கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு, "பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஒருவர்கூட என்னைத் தப்பு என்று சொல்லவில்லை. ஒரு அம்மா, "இன்னும் ரெண்டு வெச்சிருக்கோணும்" என்றார். வீட்டுக்கு வரும் வரைக்கும் கை எரிந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று நடந்ததை இவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"அடிச்சியா?"

"பின்ன கொஞ்சுவாங்களா?"

"பாவம் கோதை. அவனும் பொழப்புக்கு வண்டி ஓட்டறவன். வேலைய விட்டு வேற நிறுத்திட்டாங்களாம். கேஸ வாபஸ் வாங்கிக்கலாமா? புள்ளைக்குத்தான் சரியாயிட்டு வருதல்ல?"

தட்டைப் பிடுங்கித் தொட்டியில் போட்டேன். பெற்ற மகளுக்குக் கால் போயிருக்கிறது, இவர் டிரைவருக்குப் பாவம் பார்க்கிறார். இந்த மனுஷனுக்கு ரோஷம் என்பது பிறவியிலேயே இல்லை. ரேஷன் கடையில் எடை குறைத்துப் போட்டால்கூட நான்தான் போய்க் கேட்கவேண்டும்.

மிருது உள்ளே படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டிரெஸ்ஸிங் மாற்றும்போது, "அந்த அண்ணனுக்கு வலிச்சிருக்குமாம்மா?" என்றாள். வலிக்கத்தானே அடித்தேன் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மருந்து எரிந்திருக்கும். கண்ணில் தண்ணீர்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு ஈரோடு போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. ரெஜினா என்று ஒரு பெண். சூயிங்கம் மென்றுகொண்டே பென் டிரைவை வாங்கினாள். எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

மேல் மூடியைக் கத்தியால் நெம்பி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"இது சும்மா கெட்டுப்போனது இல்லைங்க மேடம். சொருகற பக்கம் வளைஞ்சிருக்குது பாருங்க. உள்ள ஈயம் பத்தவெச்ச எடம் விட்டுப்போச்சு. அதனாலதான் கம்ப்யூட்டருக்குத் தெரியல."

"பையில கெடந்து நசுங்கியிருக்கும்."

"பையில கெடந்தா இப்படி ஆகாதுங்க. யாரோ எதுக்கோ அடியில வெச்சு அமுக்கியிருக்காங்க."

இவர் ஆபீசுக்குக் கொண்டுபோன பஸ்ஸில் கூட்டம் அதிகம். அதில் நசுங்கியிருக்கும். இந்தப் பெண் பெரிய துப்பறியும் போலீஸ் மாதிரிப் பேசுகிறாள். பத்தவைத்துத் தருகிறேன், ஆனால் உள்ளே இருப்பது கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன் என்றாள். உறுதி சொல்லாமல் எதற்குக் கடை வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "வேண்டாம்னா எடுத்துட்டுப் போங்க" என்று என் முன்னாலேயே நீட்டினாள். நான் வாங்கவில்லை. என் நம்பரையும் இவர் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பள்ளி நேரத்தில் நான் போனை எடுக்கமாட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளைக்குச் சுதந்திர தினம். வெயிலில் பிள்ளைகளுக்கு அணிவகுப்புச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டிவிட்டது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஆள் கோணலாகப் போட்டிருக்கிறான். மறுபடி போட வைத்தேன்.

மதியம் ரெஜினா விடாமல் கூப்பிட்டாள், பள்ளி நேரம் என்று பார்க்காமல் எடுத்தேன்.

"மேடம், பத்தவெச்சாச்சு. இப்பக் கம்ப்யூட்டருக்குத் தெரியுது. ஆனா திறந்தா, ஃபார்மட் பண்ணுன்னு கேக்குது."

"அப்படீன்னா?"

"உள்ள இருக்கறதையெல்லாம் தொடச்சுட்டுப் புதுசாக்கறது. உங்க வீட்டுக்காரருக்குக் காலைல போன் பண்ணுனேன். பண்ணிருங்கன்னாரு. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, அதான் உங்களையும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு."

மைதானத்தின் நடுவில் நின்று கத்தினேன். பிள்ளைகள் தானாகவே அணி கலைந்து ஒதுங்கினார்கள்.

"அவருக்குக் கம்ப்யூட்டரப் பத்தி என்ன தெரியும்? தொடாத! அதுல ஒண்ணையும் தொடாத!"

"தொடலைங்க மேடம். அழிஞ்சதத் தேடி எடுக்கற சாஃப்ட்வேர் இருக்குது. போட்டுப் பாக்கறேன். டைம் ஆகும்."

சாயங்காலம் இவரைக் கேட்டேன். "ஃபார்மட் பண்ணுனாச் சரியாயிரும்னு நெனச்சேன்" என்றார். ஃபார்மட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இருக்கலாம். மண்டியில் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவருக்கும் தெரியாதாம். அப்பாவி. இப்படி ஒரு அப்பாவியைக் கட்டிவைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் முடிந்து மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தேன். மிருது வாங்கவில்லை. "அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு இனி போகாதம்மா. எனக்குக் கால் நல்லாயிரும். நான் மறுபடி தாண்டுவேன். போகாத" என்றாள். பயந்து போயிருக்கிறாள். அந்தக் காட்சியை நான் பார்த்து மனசு உடைந்துவிடுவேன் என்று நினைக்கிறாள் போல. எம்பட சாமி.

ஆகஸ்ட் 18, திங்கள்

பார்த்துவிட்டேன்.

ரெஜினா, "ஒண்ணே ஒண்ணுதான் முழுசாக் கெடச்சுதுங்க, உங்களுக்கு வேண்டியது அதுதான்னு நெனைக்கறேன்" என்று சொல்லிவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினாள். பிறகு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள். அவள் பார்த்திருக்கிறாள்.

சத்தம் கிடையாது. பாலம் தெரிகிறது. கைப்பிடிச் சுவர் கட்டுவதற்குக் கொட்டிய மணல் ரோட்டில் பாதி வரை பரவிக் கிடக்கிறது. ஸ்கூட்டர் வருகிறது.

முன்னால் உட்கார்ந்து ஓட்டுவது மிருது.

பின்னால் அவர். ஹெல்மெட்டை மடியில் வைத்திருக்கிறார். மிருது சிரிக்கிறாள். அவரும் சிரிக்கிறார். அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்தே வருஷக்கணக்காகிறது. மணலில் முன் சக்கரம் வழுக்குகிறது. அவ்வளவுதான். வண்டி சாய்ந்து, அவள் கால் அடியில் போகிறது. யாரும் இடிக்கவில்லை. பால் வேன் பின்னால் வருகிறது, தூரத்திலேயே நின்றுவிடுகிறது. நடுவில் இன்னொரு லாரியே நிறுத்தலாம், அவ்வளவு இடம்.

அர்ச்சுனன் குதித்து ஓடி வருகிறான். ஒரு கையால் ஸ்கூட்டரைத் தூக்கி மறுகையால் அவளை இழுக்கிறான். தலைக்கு அடியில் தன் துண்டை மடித்து வைக்கிறான். அவள் கால் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

பிறகு ஜனங்கள் வருகிறார்கள். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்குகிறான். இன்னொருவன் முகத்தில் குத்துகிறான். அர்ச்சுனன் வேனைக் காட்டுகிறான், மணலைக் காட்டுகிறான், கடைசியில் இவரைக் காட்டுகிறான். அவரைக் கேளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பான். எல்லோரும் இவர் பக்கம் திரும்புகிறார்கள்.

இவர் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார். மிருதுவைப் பார்க்கிறார். தலையைக் குனிகிறார். பிறகு கையை நீட்டுகிறார். வேன் பக்கம்.

அதற்கப்புறம் விழுந்த அடியை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். எல்லோரும் பார்க்க அவனை அறைந்த எனக்கு அப்போது கண் மூடிக்கொண்டது.

என் போனிலும் ஏற்றித் தரச் சொன்னேன். ரெஜினா ஏற்றித் தந்தாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று வீட்டுக்கு வந்ததும் போனை மேசையில் வைத்து ஓடவிட்டேன். இவர் ஒரு தடவை பார்த்தார். மிருது பார்க்கவே இல்லை.

"வண்டிய அவ கையில குடுத்தீங்களா?"

"ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருந்தா கோதை. ஆளில்லாத ரோடுதானன்னு..."

"பதினாறு வயசுப் புள்ள. லைசென்ஸ் இல்ல. வேண்டாம்னு எத்தன தடவ சொன்னேன்?"

"சொன்ன."

"அந்த ஆளக் கை காட்டுனீங்களே, அது எதுக்கு?"

"நானாச் சொல்லல. அவங்களே வேன் இடிச்சிருச்சுன்னுதான் வந்தாங்க. நான் இல்லன்னு சொல்லீருந்தா..." நிறுத்தினார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "உங்கிட்ட வந்து என்னன்னு சொல்றது? அவ ஓட்டுனான்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"என்கிட்டச் சொல்லப் பயந்துட்டு ஒருத்தன ஜெயிலுக்கு அனுப்புவீங்களா?"

"போலீஸ் வரும், கேஸ் ஆகும்னு அப்பத் தெரியல. அதுக்கப்பறம் திரும்ப முடியல."

கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்குக் கத்தினேன். அப்போது கட்டிலிலிருந்து மிருது, "பென் டிரைவ வளைச்சது நாந்தாம்மா" என்றாள்.

நான் திரும்பினேன்.

"நீ ஞாயித்துக்கெழம சந்தைக்குப் போயிருந்தப்ப. வாக்கர் கால் அடியில வெச்சு ஏறி நின்னேன். அப்பாவுக்குத் தெரியாது."

"அந்த ஆளு உம்பட கால ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு உக்காந்திருந்தான்டீ! அவனப் போயி! ரெண்டு பேரும் எப்படி இத்தன நாளாச் சோறு தின்னீங்க?"

"நான் தின்னலையேம்மா" என்றாள்.

அது உண்மை. தட்டு தட்டாக நான்தான் எடுத்துக் கொட்டியிருக்கிறேன். டாக்டரிடம் பசி இல்லை என்று டானிக்கும் எழுதி வாங்கியிருக்கிறேன்.

"நீ கத்துவியேன்னுதாம்மா" என்றாள். "சின்ன வயசுல இருந்தே, ஏதாச்சும் ஆச்சுன்னா மொதல்ல நானும் அப்பாவும் உங்கிட்ட என்ன சொல்றதுன்னுதான் பேசிக்குவோம்."

என்மேல் பழியைப் போடுகிறார்கள். நான் கத்துவதால் உலகத்தில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? கத்தாமல் இருந்தால் இந்த வீட்டில் எது நடந்திருக்கும்? வண்டியைக் கொடுத்தது நானா? கை நீட்டியது நானா?

அடித்தது நான். அதை மட்டும் அவர்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

யாரிடமும் பேசவில்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். இதைக்கூடச் சொல்லமாட்டார்களா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் இவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து, "போலாம்" என்றார். நான் போகச் சொல்லவில்லை. சொல்லியிருப்பேன், இன்னும் இரண்டு நாளில் பிடித்து இழுத்துக்கொண்டே போயிருப்பேன். ஆனால் அவராகத்தான் சொன்னார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. வீடியோவைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"வெளையாடறீங்களா சார்? நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த புகார் இது."

"தெரியுமுங்க."

"இப்பக் கேஸ் உங்க மேல திரும்பும். சின்னப் புள்ளைகிட்ட வண்டி குடுத்ததுக்கு ஒண்ணு, பொய்ப் புகாருக்கு ஒண்ணு. உள்ள போகவேண்டி வந்தாலும் வரும். யோசிச்சுத்தான் வந்தீங்களா?"

"யோசிச்சா வரமாட்டேனுங்க. அதான் யோசிக்காம வந்துட்டேன்."

எழுதிக் கொடுத்தார். அவர் எழுதும்போது நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். எனக்கு இவர்மேல் இருக்கிற கோபம் ஒரு துளி குறையவில்லை. ஆனால் பேனாவை வாங்கி, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுதியது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. உள்ளே போகலாமா என்று நினைத்தேன். போனால் ஏதாவது கத்திவிடுவேன் என்று நின்றுகொண்டேன்.

வரும்போது டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். நான் குடித்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அர்ச்சுனன் ஊர் செம்மாம்பாளையம். ஆட்டோ பிடித்துப் போனோம். மிருதுவை வரவேண்டாம் என்று சொன்னேன். வருவேன் என்றாள். பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். நானும் இவரும் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டோம்.

வாசலில் அவன் மனைவி துளசிமணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இன்னும் யார அடிக்க வந்தீங்க?" என்றாள். "நான்தான் மிச்சம். அடிச்சுட்டுப் போங்க."

எனக்கு வாயில் பதில் ஒன்று வந்தது. பழக்கம். விழுங்கினேன்.

அவன் வெளியே வந்தான். ஸ்டேஷனிலிருந்து நேற்றே தகவல் சொல்லிவிட்டார்கள் போல. இவர் கும்பிட்டார். "மன்னிச்சுருங்க தம்பி" என்றார். நானும் சொன்னேன். எவ்வளவு தாழ்ந்த குரலில் சொன்னேன் என்றால் எனக்கே கேட்கவில்லை.

"மன்னிப்ப வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?" என்றான். அவனுக்கும் கோபம் வந்தது. அன்றைக்குக் கடையில் வராத கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. "எம்பட பொண்ணப் பள்ளிக்கூடத்துல, ஆளு மேல வண்டி ஏத்துனவன் புள்ளைங்கறாங்க. பால் சொசைட்டில எவனும் எம்பக்கத்துல நிக்கறதில்ல. எம்பட மாமனே வீட்டுக்கு வரல. உங்க பொண்ணு கால அந்தன்னைக்கு ஆடாமப் புடிச்சேன்ல, விட்டுட்டுப் போயிருக்கோணும்னு எத்தன நாளு நெனச்சேன் தெரியுமா? என்னைய அப்படி நெனைக்க வெச்சுட்டீங்க."

நான் நின்றேன். பள்ளியில் பிள்ளைகள் என் முன்னால் நிற்கிற மாதிரி நின்றேன்.

"கடை வீதில எல்லாரும் பாக்கத்தான அடிச்சீங்க? எல்லாருக்கும் காட்டுங்க. வாங்க."

பால் சொசைட்டிக்கு முன்னால் சாயங்காலப் பால் ஊற்ற வந்தவர்கள் கேனோடு நின்றார்கள். அவன் என்னைக் கூட்டிப்போய் நடுவில் நிறுத்தினான். ஆட்டோவும் பின்னாலேயே வந்தது. போனைத் தூக்கிப் பிடித்தேன். சின்னத் திரை. ஐந்தாறு பேர் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள், அவர்கள் நகர்ந்ததும் அடுத்தவர்கள். என் மகள் சிரித்துக்கொண்டே வருகிறாள், விழுகிறாள். மறுபடி சிரித்துக்கொண்டே வருகிறாள், விழுகிறாள். என் புருஷன் கையை நீட்டுகிறார். பக்கத்தில் நிஜமாக நிற்கிறவரை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் எங்கேயும் ஒளியவில்லை.

கண் சரியாகத் தெரியாத ஒரு பெரியவர் போனைத் தன் மூக்குக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"வேன் எட்ட நிக்குது. அது செரி. ஸ்கூட்டர ஓட்டறது யாரு?"

மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரல் எனக்கு. அது வரவில்லை.

"நானுங்க" என்று ஆட்டோவுக்குள்ளிருந்து மிருது சொன்னாள். எல்லோரும் திரும்பினார்கள். அவள் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்து நின்றாள். "நாந்தான் ஓட்டுனேன். நானாத்தான் விழுந்தேன். அந்தண்ணன்தான் என்னையத் தூக்குனாங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கத்துவேனா என்று பார்க்கிற பார்வை அது. இத்தனை வருஷமாக அந்தப் பார்வையை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

கத்தவில்லை. கீழே விழுந்துவிடாதே என்றுகூடச் சொல்லவில்லை.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு போனைத் திருப்பித் தந்தார். முடிந்தது என்று நினைத்துப் பைக்குள் வைக்கப் போனேன். அர்ச்சுனன் சொசைட்டிப் படியில் நின்றுகொண்டு, ரோட்டில் இன்னும் கேனோடு வந்துகொண்டிருந்தவர்களைக் காட்டினான்.

"அவங்க பாக்கலைங்க" என்றான். "இன்னொருக்காப் போடுங்க."

போட்டேன்.